வாரக் கணக்கு முதலில்: கருக்கலைப்பு குறித்து முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுத்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1971-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், பிள்ளை இப்போது வேண்டாம் என்று தோன்றினால், அவர் காதில் முதலில் விழுவது "வெளியே தெரிஞ்சா கேஸ் ஆகிரும்" என்பதுதான். அந்தப் பயத்தில் ஒரு வாரம் போகும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இன்னொரு வாரம். பப்பாளி, எள்ளு, கருப்பட்டி என்று கைவைத்தியம் பார்ப்பதில் மேலும் சில வாரங்கள். மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது ஆபரேஷன் தியேட்டர் வரை போகும். சிலருக்கு உயர் நீதிமன்றம் வரை போகும்.

எந்த முறையில் செய்யலாம், எத்தனை மருத்துவர்கள் ஒப்ப வேண்டும், யார் அனுமதி தர வேண்டும் என்பதெல்லாம் கர்ப்பம் எத்தனை வாரம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அந்த வாரங்களைத் தின்பது பெரும்பாலும் நோயல்ல. வெட்கமும் பயமும் தவறான தகவலும்தான் தின்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியை நாள்காட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: வாரத்தை எண்ணுங்கள்

மருத்துவர் கர்ப்பத்தைக் கணக்கிடுவது உறவு நடந்த நாளிலிருந்து அல்ல. கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து. ஆகவே நாள் தள்ளிப்போகும் அன்றே கணக்கில் சுமார் நான்கு வாரம் ஆகியிருக்கும். "ஒரு வாரந்தான் தள்ளிப்போச்சு" என்று வருகிறவர், மருத்துவர் கணக்கில் ஐந்து வாரக் கர்ப்பிணி.

ஒருவர் ஜனவரி 15, பொங்கலன்று தூரமானார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையால் கலைக்கச் சட்டம் அனுமதிக்கும் 9 வாரம் மார்ச் 19-ல் முடியும். 12 வாரம் ஏப்ரல் 9. "சித்திரைத் திருவிழா முடியட்டும், அழகர் ஆத்துல இறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று நினைத்தால் எளிய முறைகளுக்கான காலம் அதற்குள் போய்விடும். 20 வாரம் ஜூன் 4. 24 வாரம் ஜூலை 2. உங்கள் தேதியை வைத்து இதேபோல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் போதும், பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் சோதனைப் பட்டையில் காலை முதல் சிறுநீரை வைத்துப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. "பால் குடிக்கிற பிள்ளை இருக்கையில உண்டாகாது" என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. மாதவிலக்கே திரும்பாத நிலையிலும் கரு தரிக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இப்படித்தான் தொடங்கியது. இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துவந்ததால் மாதவிலக்கு வராததைப் பொருட்படுத்தவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்தும் எடுத்துவந்தார். கர்ப்பம் என்று தெரிந்து வழக்காடியபோது 26 வாரம் கடந்திருந்தது. முதலில் அனுமதி கிடைத்தது, பிறகு இரண்டு நீதிபதிகள் வேறுபட்டார்கள், கடைசியில் அக்டோபர் 16 அன்று மூவர் அமர்வு மறுத்துவிட்டது. பத்து வாரம் முன்னால் தெரிந்திருந்தால் அந்தப் பெண் நீதிமன்றப் படியே ஏறியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: செய்யக்கூடாதவை

எருக்கங்குச்சியைக் கருப்பைக்குள் செலுத்துவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம். குச்சி கருப்பையைத் துளைக்கலாம். எருக்கம்பால் உள்ளே புண்ணாக்கும். கிருமி ரத்தத்தில் ஏறினால் சில நாட்களிலேயே உயிர் போகும். "எங்க அப்பத்தா காலத்துல செஞ்சதுதானே" என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதிவைக்க யாரும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பப்பாளியும் அன்னாசியும் கொல்லாது. ஆனால் கருவையும் கலைக்காது, வாரத்தைத்தான் கரைக்கும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குவது அடுத்த ஆபத்து. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கெடுபிடியால் தமிழ்நாட்டில் பல கடைகள் இந்த மாத்திரையை வாங்கி வைப்பதே இல்லை. அதனால் யார் யாரோ கைமாற்றி, இரட்டை விலைக்கு விற்பது நடக்கிறது. மாத்திரை கெட்டது அல்ல. வாரம் தப்பாக எண்ணப்பட்டிருந்தாலோ, கரு கருப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தாலோ, ரத்தசோகை கடுமையாக இருந்தாலோ அதே மாத்திரை ஆபத்தாகும். குழாய்க் கர்ப்பத்தை இந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மூன்றாம் படி: எங்கே போவது

மதுரை மாவட்டத்தில் என்றால் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நாள் கடந்தவர்களும் இதய நோய், வலிப்பு போன்ற சிக்கல் உள்ளவர்களும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போவது நல்லது. ஒரு காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. இன்றும் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் 'பெரியாஸ்பத்திரி'. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது.

தனியார் மருத்துவமனை என்றால், அங்கே கருக்கலைப்பு செய்ய மாவட்டக் குழு கொடுத்த சான்றிதழ் இருக்க வேண்டும். வருகிறவர் கண்ணில் படும்படி அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. பலகையில் என்ன பட்டம் எழுதியிருந்தாலும், அந்தச் சான்றிதழைத் தேடிப் பாருங்கள். பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற நவீன மருத்துவர் மட்டுமே இதைச் செய்யலாம். தகுதியில்லாதவர் செய்தாலோ அங்கீகாரம் இல்லாத இடத்தில் செய்தாலோ 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை.

எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

நான்காம் படி: மருத்துவர் அறையில்

"வீட்டுக்காரர் வந்திருக்காரா? கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து போடணும்." இந்த ஒரு வரி எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. 18 வயது நிரம்பிய, மனநலம் சரியாக உள்ள பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். 'படிவம் சி' என்ற ஒரு பக்கத் தாளில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் முடிந்தது. கணவர், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. கல்யாணம் ஆகாதவருக்கும் இதேதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை உண்டு. சாதி மாறிக் காதலித்தாள் என்பதற்காக வீட்டார் கலைக்க இழுத்துவருவதும், மூன்றாவதும் பெண்ணாயிருக்கும் என்று மாமியார் வற்புறுத்துவதும் இதில் அடங்கும். மருத்துவர் உங்களைத் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். "டாக்டர், உங்ககிட்ட தனியா பேசணும்" என்று நீங்களே கேட்கலாம்.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். "வேண்டாம்" என்ற சொல்லை மட்டும் சட்டம் காரணமாக ஏற்காது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாயின் உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு, பிறக்கும் பிள்ளைக்குக் கடும் குறைபாடு ஆகியவையே காரணங்கள். ஆனால் வல்லுறவால் உண்டான கருவும், கருத்தடை தவறி உண்டான கருவும் மனதுக்குக் கடும் பாதிப்பு என்றே கொள்ளப்படும். கருத்தடை தவறியது என்ற காரணம் முன்பு மணமான பெண்ணுக்கு மட்டும் இருந்தது. 2021 திருத்தம் அதை 'பெண் அல்லது அவரது துணைவர்' என்று மாற்றியது. பெண்ணின் குடும்பச் சூழலையும் மருத்துவர் கணக்கில் எடுக்கலாம். கணவர் குடிகாரர், வேலையில்லை, ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்; அவையெல்லாம் சட்டம் கேட்கச் சொல்லும் விஷயங்களே.

உங்கள் பெயரை வெளியே சொல்வது குற்றம். சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர யாரிடம் சொன்னாலும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஐந்தாம் படி: எந்த முறை

9 வாரம் வரை மாத்திரை. அட்டையில் ஐந்து மாத்திரை இருக்கும்: ஒன்று மிஃபெப்ரிஸ்டோன், நான்கு மிசோப்ரோஸ்டால். முதலாவது கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். ஓரிரு நாள் கழித்து மருத்துவர் சொல்கிறபடி எடுக்கும் நான்கும் கருப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றும். அன்று வலி இருக்கும், வழக்கமான தூரத்தைவிட அதிக ரத்தம் போகும், கட்டிகள் வரும். வாந்தி, குளிர், பேதி சிலருக்கு உண்டு. துணைக்கு ஒருவர் இருப்பது அவசியம். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம். குறித்த நாளில் மறுபரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். ஒரு சிலருக்கு முழுதும் வெளியேறாமல் தங்கிவிடும்.

12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் முறை. சிறு குழாயும் கைப்பம்பும் கொண்டு சில நிமிடங்களில் முடியும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஊரில் எல்லோரும் இன்னமும் 'டி அண்ட் சி' என்றுதான் சொல்கிறார்கள். கரண்டி போன்ற கருவியால் சுரண்டும் அந்தப் பழைய முறையை உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்லிவிட்டது. "எந்த முறையில செய்வீங்க டாக்டர்?" என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு மருந்து கொடுத்து, பிரசவம் போலவே வலி வரவைத்து வெளியேற்ற வேண்டியிருக்கும். மருத்துவமனையில் தங்கித்தான் ஆக வேண்டும். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

20 வாரம் தாண்டிவிட்டால்

2021 செப்டம்பர் 24 முதல் 20–24 வாரத்துக்கு இரண்டு மருத்துவர்கள் ஒப்பினால் போதும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி, மனநலம் பாதித்தவர், கருவில் கடும் குறைபாடு கண்டவர், பேரிடர்ச் சூழலில் சிக்கியவர் என்று விதி வகைப்படுத்துகிறது. இந்தப் பட்டியலில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இடமில்லையே என்ற வழக்கில், 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அவர்களையும் சேர்த்துத் தீர்ப்பளித்தது. கணவரே வல்லுறவு கொண்டாலும், இந்தச் சட்டத்தின் பொருட்டு அது வல்லுறவே என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

கடும் குறைபாடு பெரும்பாலும் தெரிய வருவது அஞ்சாம் மாச ஸ்கேனில். அது 18–20 வாரத்தில் எடுக்க வேண்டியது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று 23-வது வாரத்தில் எடுத்து, இதயத்திலோ மூளையிலோ குறை என்று தெரிந்து, மேல்பரிசோதனை முடிவதற்குள் 24 தாண்டிய குடும்பங்களின் தவிப்பு சொல்லி மாளாது. அந்த ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

24 வாரமும் தாண்டிவிட்டால்

இதில் மூன்று பாதைகள். தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்றால், எந்த வாரமானாலும் ஒரு மருத்துவரே முடிவெடுக்கலாம். கருவில் கடும் குறைபாடு என்றால் மருத்துவ வாரியம். விண்ணப்பித்த மூன்று நாளுக்குள் அது முடிவு சொல்ல வேண்டும், அனுமதித்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு மிச்சமிருப்பது உயர் நீதிமன்றம்.

2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை தென்மாவட்டத்துப் பெண்கள் இதற்காகச் சென்னைக்குத்தான் போயிருக்க வேண்டும். இப்போது அந்தக் கிளை இருக்கும் உலகநேரியிலேயே மனு போடலாம். நீதிமன்றம் வழக்கமாக மருத்துவக் குழுவிடம் அறிக்கை கேட்டு, அதை வைத்து முடிவெடுக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். எந்தப் பெண்ணுக்கும், வருமான வரம்பு பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. முதல் விசாரணையிலேயே வாரக் கணக்கைச் சொல்லி அவசரமாக எடுக்கும்படி வக்கீலிடம் வற்புறுத்துங்கள். 2023 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் 27 வாரம் நெருங்கிய ஒரு பெண்ணின் மனுவைப் பல நாள் தள்ளிப்போட்டது. உச்ச நீதிமன்றம் சனிக்கிழமை சிறப்பு அமர்வு கூடி, விலைமதிப்பற்ற நாட்கள் வீணாகிவிட்டதைக் கண்டித்து, பிறகு அனுமதி அளித்தது.

18 வயது நிரம்பாத பெண் என்றால்

காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காப்பாளர் என்றால் பெற்றோர் மட்டுமல்ல, அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்பவர் யாரும். பாட்டி வளர்க்கிறார் என்றால் பாட்டி.

போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவின்படி மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மனமொப்பிக் காதலித்த பதினேழு வயதுப் பெண்ணாக இருந்தாலும் இதேதான். இந்தப் பயத்தால்தான் பள்ளிப் பிள்ளைகள் பலர் அரைகுறை ஆட்களிடம் சிக்குகிறார்கள். 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: பெண்ணோ காப்பாளரோ கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. இதை மருத்துவமனையில் எடுத்துச் சொல்லுங்கள். தெரியாத மருத்துவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையைத் திட்டுவதை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

ஸ்கேன் அறையில் மாட்டியிருக்கும் பலகை

"கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படுவதில்லை" என்ற பலகையை ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் பார்த்திருப்பீர்கள். மதுரை வட்டாரத்தில் அந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1986-ல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டபோது கள்ளிப்பாலும் நெல்மணியும் நாடெங்கும் பேச்சாயின. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' படம் வந்தது. அதே ஆண்டில்தான் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. பிறந்தபின் கொன்றது குறையக் குறைய, பிறக்குமுன்னே ஸ்கேன் பார்த்துக் கலைப்பது அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தது.

கருக்கலைப்புச் சட்டமும் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டமும் இருவேறு சட்டங்கள். பாலினம் கண்டு சொல்வதும், கேட்பதும், அதற்காகக் கலைப்பதும் குற்றம். அந்தக் குற்றத்தில் கர்ப்பிணிப் பெண் தன் வீட்டாரால் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றே சட்டம் முதலில் கருதும். ஆனால் இந்தக் குற்றத்தைத் தடுக்கும் வேகத்தில், இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள தாய் 14 வாரத்தில் வந்தால் "ஸ்கேன் பாத்துட்டுத்தானே வந்திருக்கே" என்று சந்தேகித்து விரட்டுவது பெரிய அநியாயம். அவருக்கு வேறு நூறு காரணம் இருக்கலாம். பெண் சிசுவைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பெண்ணைக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மனசாட்சிக் கேள்விகள்

கரு எப்போது உயிராகிறது என்பதற்கு மதங்களிடம் ஒரே விடை இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை கருத்தரித்த நொடியிலிருந்தே உயிர் என்கிறது; திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளில் கருக்கலைப்பு செய்வதில்லை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மறுக்கும் மருத்துவர், வேறெங்கே போகலாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்ப வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். அயர்லாந்தில் 2012-ல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் மருத்துவர் 17 வாரத்தில் கரு நழுவும் நிலையில் கலைக்கச் சொல்லிக் கேட்டும், கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். கிருமித் தொற்றில் அவர் இறந்தார். 2018-ல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அரசியலமைப்பையே மாற்றினார்கள். இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி என்ற 19-ம் நூற்றாண்டுச் சட்டம் நெடுங்காலமாகத் தமிழ்ப் பெண்களையும் சிங்களப் பெண்களையும் ஒருசேர வாட்டி வந்திருக்கிறது.

எனக்குக் கடினமாகத் தோன்றும் கேள்வி வேறு. குறைபாடு என்றால் 24 வாரம் தாண்டியும் அனுமதி, வல்லுறவுக்கு ஆளானவர் மட்டும் நீதிமன்றம் போக வேண்டும் என்ற ஏற்பாடு எதைச் சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உயிருக்கு மதிப்புக் குறைவு என்று சொல்வதாக அவர்களில் பலர் வருந்துகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வளர்க்கும் பொறுப்பை அரசு பகிர்ந்துகொள்ளாத ஊரில், சுமக்கப்போகும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. 2024 ஏப்ரலில் 14 வயதுப் பெண் ஒருவருக்கு 30 வாரம் நெருங்கிய கர்ப்பத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சில நாளில், பெற்றோர் மகளின் உயிருக்கு அஞ்சி மனம் மாறியதால் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. சரி எது என்று வெளியிலிருந்து எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாத இடங்கள் இவை.

வீட்டுக்கு வந்த பிறகு

தடித்த நாப்கின் ஒரு மணி நேரத்தில் இரண்டு நனைந்து, அடுத்த ஒரு மணி நேரமும் அப்படியே தொடர்ந்தால், ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டால், மாத்திரைக்கும் அடங்காத வயிற்றுவலி இருந்தால் உடனே மருத்துவமனை. இரவானாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். உள்ளூர் ஆட்களிடம் செய்துகொண்டு சிக்கலானவரும் பயப்படாமல் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள், யார் என்ன செய்தார்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

அடுத்த கரு இரண்டு வாரத்துக்குள்ளேயே தரிக்கலாம். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டாத்தான் கலைச்சு விடுவோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. குடும்பக்கட்டுப்பாட்டுக்குத் தனிப் படிவம், தனிச் சம்மதம். ஒன்றுக்கு வைத்த கையெழுத்து மற்றதற்குச் செல்லாது.

சிலருக்கு முடிந்ததும் நிம்மதி வரும். சிலருக்கு அழுகை வரும். ஒரே நாளில் இரண்டும் வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மறுபரிசோதனையின்போது அதையும் சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.